டோனாவூரில் ஒரு பகல்

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். கன்னியாகுமரிக்குப் போகிறவர்களைக் கணக்கெடுக்கவே முடியாது. இரண்டுக்கும் நடுவில், மேற்கு மலைத் தொடரின் காலடியில் இருக்கிற டோனாவூருக்கு வேலை இருந்தால் மட்டுமே ஆட்கள் போகிறார்கள். அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான். அங்கே சத்தம் போட்டால் நன்றாக இராது.

பாளையங்கோட்டைப் பக்கம் பிறந்த கிறிஸ்தவப் பெண்களுக்கு இந்த ஊர்ப் பெயர் புதிதல்ல. ஞாயிறு பள்ளியில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் கதையைக் கேட்காமல் யாரும் வளர்ந்திருக்க மாட்டோம். அயர்லாந்தில் ஒரு சின்னப் பெண். தன் கண்கள் நீல நிறமாக மாற வேண்டும் என்று ராத்திரி ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்தாள். காலையில் எழுந்து கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண்கள்! "இல்லை" என்பதும் ஒரு பதில்தான் என்று டீச்சர் சொல்லி முடிப்பார்கள். நாங்கள் எல்லாரும் கண்ணாடியைத் தேடி ஓடுவோம். எனக்கு அந்த டீச்சர் வேறு யாருமில்லை, என் சொந்த அக்காதான். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது எல்லாம் அவள்தான்.

அந்த அக்காவைக் கூட்டிக்கொண்டுதான் சென்ற கார்த்திகையில் டோனாவூர் போய் வந்தேன். ஏன் போனோம் என்பதைச் சொல்லாமல் ஊரைப் பற்றி மட்டும் எழுதினால் பாதிதான் எழுதினதாகும்.

அக்கா சித்திரை மாதத்தில் வளவில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்தார்கள். இந்தக் காலத்தில் இடுப்பு ஆபரேஷன் ஆனால் மறுநாளே எழுப்பி நிற்க வைக்கப் பார்க்கிறார்கள். படுக்கையிலேயே கிடந்தால் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும், தசை கரைந்துபோகும் என்று டாக்டர் எங்களுக்கு விவரமாகச் சொன்னார். அக்காவும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்தபிறகு வாக்கரைப் பிடித்து நாலு நாள் நடந்தாள். அப்புறம் நடக்கவில்லை. எலும்பு கூடிவிட்டது என்று படம் சொன்னது. கூடாமல் போனது வேறு ஒன்று.

அக்கா பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பல வருஷம் செயலாளராக இருந்தவள். யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் பேறுகாலம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். அவளைப் பார்க்கவும் ஆட்கள் வந்தார்கள், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தார்கள். ஜெபக் குழுவிலிருந்து வந்த ஒரு அம்மாள், "மனசுல அறிக்கை பண்ணாத காரியம் ஏதும் இருந்தா சொல்லிருங்க, கர்த்தர் உடனே எழுப்பி விட்டுருவாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்னொருவர், நோயாளிகளுக்கென்று அச்சடித்த துண்டுப் பிரசுரத்தைத் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அவர்கள் போனதும் அக்கா சொன்னாள்:

"நடந்து வந்தாக, நடந்து போறாக. நல்லா இருக்கட்டும்."

அதற்குப் பிறகு அவள் பைபிளைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். குளிப்பாட்டுவதற்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்கச் சொன்னாள். நான் சோப்பை எடுத்தால், "நீ போ" என்பாள். அந்த இரண்டு வார்த்தைதான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக உறைத்தது.

டோனாவூர் போகலாமா என்று கேட்டபோதும் "என்னத்துக்குட்டி?" என்றுதான் கேட்டாள். "சும்மா மலையைப் பார்த்துட்டு வருவோம்க்கா" என்றேன். மலை என்றதும் மறுக்கவில்லை. ஏழு மாதமாக அவள் பார்த்தது எங்கள் வீட்டு மின்விசிறியைத்தான்.

வாடகைக் காரில் முன்சீட்டைப் பின்னால் தள்ளி, தலையணை கொடுத்து அவளை உட்கார வைத்தோம். இடுப்பு ஆபரேஷன் ஆனவர்களைக் கூட்டிப்போகும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். தாழ்ந்த சீட்டில் முழங்காலுக்குக் கீழே இடுப்பு இறங்கும்படி உட்கார வைக்கக் கூடாது. உட்காரும் இடம் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும், முக்கால் மணிக்கு ஒருமுறை இறங்கி நிற்க வேண்டும். முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். காரை ஓட்டியவர் மேலப்பாளையத்துத் தம்பி. அவருடைய உம்மாவும் இப்படி விழுந்தவர்களாம். பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

நாங்குநேரி வரை பெரிய ரோடு. வானமாமலைப் பெருமாள் கோயில் கோபுரத்தைக் காட்டி, அங்கே பெருமாளுக்கு அபிஷேகம் பண்ணின எண்ணெயை ஒரு கிணற்றில் சேர்ப்பார்கள், அதை மருந்தென்று ஜனங்கள் வாங்கிப் போவார்கள் என்று தம்பி சொன்னார். அக்கா, "எண்ணெய்க் கிணறுன்னு எங்க அப்பா சொல்லுவாக" என்றாள். அன்று அவள் தானாகப் பேசின முதல் பேச்சு அது. நாங்குநேரியில் மேற்கே திரும்பி ஏர்வாடி வழியாகப் போக வேண்டும். திரும்பின உடனே மலை எதிரே வந்துவிடுகிறது. மழை பெய்து ஓய்ந்த சமயம். குளமெல்லாம் நிறைந்து கிடந்தது. நெல் நட்டிருந்தார்கள், வாழை நின்றது. களக்காட்டு வாழைப்பழத்துக்கு எங்கள் ஜில்லாவில் தனி மரியாதை உண்டு. மலையின் பாதி உயரத்தில் மேகம் துணி காயப்போட்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். தென்மேற்கே திருக்குறுங்குடி, அழகிய நம்பி கோயில் இருக்கிற ஊர். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் அதையும் பார்த்து வரலாம்.

டோனாவூர் என்ற பெயர் தமிழ்க் காதுக்கு விநோதமாகத்தான் இருக்கும். ரேனியஸ் ஐயர் என்ற ஜெர்மானிய மிஷனரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தச் சீமையில் ஊழியம் செய்தார். அவருக்கு உதவியாகப் பணம் கொடுத்த பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனா என்பவர். அந்தப் பெயரோடு 'ஊர்' சேர்ந்து டோனாவூர் ஆயிற்று. ஆனால் உலகம் இந்தச் சின்ன ஊரைத் தெரிந்துகொண்டது 1901க்குப் பிறகுதான்.

அந்த வருஷம் மார்ச் 7ஆம் தேதி பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி, கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடப் போகிறார்கள் என்று பயந்து ஓடிவந்து ஏமி அம்மையாரிடம் அடைக்கலம் புகுந்தாள். அப்போது அவர் ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் பேசுகிற ஊழியத்தில் இருந்தார். குழந்தை வளர்க்கிற எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. ஒரு குழந்தை இரண்டானது, இரண்டு இருபதானது, பிறகு நூற்றுக்கணக்கில் ஆனது. 1918 முதல் ஆண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடுக்கிற சட்டம் நம் மாகாணத்தில் 1947இல்தான் வந்தது. அதுவரை எத்தனை பெண்கள் எத்தனை விதமாகப் போராடினார்கள் என்பது தனிக் கதை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை மறக்க முடியுமா?

வளாகத்துக்குள் நுழைந்ததும் வெயில் குறைந்தாற்போல் இருந்தது. அவ்வளவு மரம்! சிவந்த கட்டடங்கள், ஓட்டுக் கூரை, இடையிடையே பூச்செடிகள். ஒரு வயதான சிற்றன்னை எங்களைச் சுற்றிக் காட்ட வந்தார்கள். இங்கேயே வளர்ந்து இங்கேயே வேலை செய்தவர்கள். எளிய கைத்தறிச் சேலை, நகை எதுவும் கிடையாது. "நீங்க அம்மாவைப் பார்த்திருக்கீங்களா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"நான் பார்த்ததில்ல. அம்மாவைப் பார்த்தவங்க வளர்த்த பிள்ளை நான்" என்றார்கள்.

ஆலயத்தை இங்கே ஜெபவீடு என்கிறார்கள். 1927இல் கட்டி முடித்தது. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது அகலமான வெறும் தரைதான். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து ஆராதிக்கும்படி கட்டியிருக்கிறார்கள். வெளியே கோபுரம், கூரை எல்லாம் பார்த்தால் நம் நாட்டுக் கட்டடம் என்று தோன்றுமே தவிர, சீமைக் கோயில் என்று தோன்றாது. யாரிடமும் கையேந்திப் பணம் கேட்பதில்லை என்பது ஏமி அம்மையார் ஆரம்பத்திலிருந்தே வைத்திருந்த ஏற்பாடு. தேவையைக் கடவுளிடம் மட்டுமே சொல்வார்களாம். குடும்பம் நடத்துகிற நமக்கு இதைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். மாசக் கடைசியில் அரிசிப் பானையைப் பார்த்துக்கொண்டு அப்படி இருக்க எனக்குத் தைரியம் போதாது.

அக்கா ஆலய வாசலில் நாற்காலியிலேயே இருந்துவிட்டாள். உள்ளே வரவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

சிற்றன்னை அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசினார்கள். வழக்கமாக நாம் கேட்கிற கதையெல்லாம் வெற்றிக் கதை. அவர்கள் சொன்னது வேறு. ஏமி அம்மையார் சீனாவுக்கு மிஷனரியாகப் போக விரும்பியபோது உடம்பு தேறாது என்று டாக்டர் தள்ளிவிட்டார். ஜப்பானுக்குப் போய் ஒன்றேகால் வருஷத்தில் நோயோடு திரும்பினார். இந்தியாவுக்கு வந்தது 1895இல். "உதவாது" என்று ஒதுக்கப்பட்ட அந்த உடம்பு ஒருதடவைகூட ஊருக்குத் திரும்பாமல் ஐம்பத்தைந்து வருஷம் இங்கே உழைத்தது.

டோனாவூர்ப் பிள்ளைகளில் எல்லாரும் பிழைக்கவில்லை. இந்திரநீலா என்ற கைக்குழந்தை 1905 ஆரம்பத்தில் இறந்தது. பச்சைக் குழந்தைகளுக்கு வைத்தியம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நெய்யூரில் ஒரு குழந்தைகள் காப்பகம் வைத்தார்கள். அங்கேயும் வயிற்றுக்கடுப்பு பரவி பத்துக் குழந்தைகள் போய்விட்டன. அன்றைக்கு ஆன்டிபயாடிக் கிடையாது, சுத்தமான பால் கிடைப்பதே கஷ்டம். 1912இல் அவருக்குத் தமிழ் கற்பித்து வழிகாட்டியாக இருந்த வாக்கர் ஐயர் காலமானார். 1915இல் வலது கையாக இருந்த பொன்னம்மாள் புற்றுநோயில் இறந்தார். குழந்தைகளை எடுத்து வளர்த்ததில் முக்கால் பங்கு இந்தப் பொன்னம்மாளின் உழைப்பு என்று நான் நினைக்கிறேன். சின்ன வயதில் விதவையானவர், தமிழ்ப் பெண். ஞாயிறு பள்ளிக் கதைகளில் அவர் பெயரை யாரும் அழுத்திச் சொல்வதில்லை, அது எனக்கு ஒரு குறைதான்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "விழுந்ததைச் சொல்லுங்க" என்றாள்.

1931 அக்டோபர் 24. அன்று காலை ஏமி அம்மையார், தம்மை இன்னும் நன்றாக ஊழியத்துக்கு ஆயத்தப்படுத்த எதை வேண்டுமானாலும் செய்யும்படி ஜெபம் பண்ணியிருக்கிறார். சாயங்காலம் களக்காட்டில் மருத்துவ வேலைக்காக எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். இருட்டுகிற நேரம். கக்கூஸுக்காகத் தோண்டின குழி, இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. அதில் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகிற்று. நெய்யூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அவருக்கு வயது 63. சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பிள்ளைகள் ஜெபம் பண்ணினார்கள். பல தேசங்களிலிருந்து ஜெபம் பண்ணினார்கள். மூட்டு வலியும் முதுகு வலியும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. அவர் சரியாக எழுந்து நடக்கவே இல்லை. 1948இல் அறைக்குள்ளேயே மறுபடியும் விழுந்தார், அதோடு அசையவும் முடியாமல் ஆயிற்று. 1951 ஜனவரி 18ஆம் தேதி, 83 வயதில் உயிர் பிரிந்தது. விழுந்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் பத்தொன்பது வருஷத்துக்கு மேல்.

"பத்தொன்பது வருஷமா?" என்றாள் அக்கா. "அத்தனை பேரு ஜெபம் பண்ணியுமா?"

"ஆமாம்மா. சுகமாகலை."

சிற்றன்னை அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. 'ஆனாலும்' என்று ஆரம்பிப்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். ஆரம்பிக்கவில்லை.

ஏமி அம்மையார் இருந்த அறையைப் பார்க்கப் போனோம். பெரிய மாளிகை அறை ஒன்றுமில்லை. அலமாரி, புத்தகங்கள், வெளியே வராந்தா, அதற்கு அப்பால் மரம். அவருக்குப் பறவைகள் என்றால் உயிராம். படுத்தபடியே பறவைகளைப் பார்க்கும்படி வராந்தாவில் ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்த அறையிலிருந்து அவர் பெரும்பாலும் வெளியே போனதில்லை, எழுத்து மட்டும் போயிற்று. அவர் எழுதின முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட புத்தகங்களில் பதின்மூன்று இந்தப் படுக்கைக் காலத்தில் எழுதினவை என்று சொல்கிறார்கள். அதுபோக வளாகத்தில் இருக்கிற ஊழியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஓயாமல் சின்னச் சின்னச் சீட்டுகள். இன்னாருக்குப் பிறந்தநாள், இன்னாருக்கு ஜுரம், இன்னாருக்கு மனசு சரியில்லை என்று கேள்விப்பட்டால் ஒரு சீட்டு போகும்.

படுக்கையில் எழுதின புத்தகங்களில் ஒன்று 'ரோஸ் ஃப்ரம் ப்ரையர்'. முட்செடியில் பூத்த ரோஜா என்று வைத்துக்கொள்ளலாம். 1933இல் வெளிவந்தது. அது பிறந்த காரணத்தைச் சிற்றன்னை சொன்னபோதுதான் அக்கா நிமிர்ந்தாள். ஏமி அம்மையாருக்கும் நோயாளிகளுக்கான துண்டுப் பிரசுரங்களை ஆட்கள் அனுப்பினார்களாம். நல்ல எண்ணத்தோடுதான். ஆனால் நடமாடுகிறவர்கள் எழுதின ஆறுதல் படுத்துக் கிடக்கிறவர்களுக்கு எட்டவில்லை என்று கண்டார். அதனால் நோயாளி ஒருத்தி இன்னொரு நோயாளிக்கு எழுதுகிற கடிதங்களாக இதை எழுதினார். ராத்திரி தூக்கம் வராததை, வலியை, எதிர்பார்த்த சுகம் வராமல் போனதை மறைக்காமல் எழுதினார். குணமான பிறகு எழுதலாம் என்று காத்திருக்கவில்லை, முள் குத்திக்கொண்டிருக்கும்போதே எழுதினார்.

அக்கா என்னைப் பார்த்தாள். வீட்டில் தலையணைப் பக்கத்தில் கிடக்கிற அந்தப் பிரசுரம் எங்கள் இரண்டு பேர் நினைவிலும் வந்திருக்க வேண்டும். "அந்த அம்மாளுக்கும் கொண்டாந்து குடுத்திருக்காக பாரு" என்றாள். சிரித்தாள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாயோரம் கொஞ்சம் அசைந்தது.

பிறகு அவள் கேட்ட கேள்வி எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வெளிக்கிருக்கதுக்கு, குளிக்கதுக்கெல்லாம் என்ன செஞ்சாங்க? யாரு செஞ்சா?"

பக்தியோடு பார்க்கிற இடத்தில் இதைக் கேட்கலாமா என்று எனக்குக் கூச்சமாகப் போயிற்று. சிற்றன்னைக்குக் கூச்சமே இல்லை. நோயாளிகளோடு பழகினவர்கள் அல்லவா!

"அவங்க வளர்த்த பிள்ளைகதான் செஞ்சாங்க. நர்ஸ் வேலை படிச்சவங்க முறை வச்சுப் பார்த்தாங்க. கழுவி விட்டாங்க, புரட்டிப் படுக்க வச்சாங்க, துணி மாத்தினாங்க."

"வளர்த்த பிள்ளைக கையிலேயா?"

"பின்ன யாரு செய்வா? அம்மா அவங்களுக்குச் செய்யலையா?"

அக்கா கட்டில் இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கூச்சமா இருந்திருக்கும்" என்றாள் மெதுவாக. "இருந்திருக்கும்" என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் பிளாஸ்க்கை எடுத்து வருகிறேன் என்று காருக்குப் போய்விட்டேன்.

நோய்ப் படுக்கையில் வருகிற சோர்வைப் பற்றி நாம் பேசும்போது கடவுள்மேல் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். பாதிப் பேருக்கு அது நம்பிக்கைக் குறைவு இல்லை என்று எனக்கு அன்று காரடியில் நிற்கும்போது தோன்றியது. ஆயுசு முழுக்கக் கொடுத்தே பழகின கை, வாங்கப் பழகவில்லை. நம் பெண்களுக்கு இது ரொம்பப் பெரிய கஷ்டம். எத்தனை மாமியார்கள், எத்தனை அம்மாமார்கள், "யாருக்கும் பாரமா இருக்காம போயிரணும்" என்று ஜெபிக்கிறார்கள்! ஏமி அம்மையார் ஆயிரம் பேருக்கு அம்மாவாக இருந்துவிட்டு, பத்தொன்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாரமாகக் கிடக்கச் சம்மதித்தார். புத்தகம் எழுதினதைவிட அதுதான் எனக்கு அதிசயமாகப் பட்டது. விசுவாசம் என்று சொல்வதானால் அதைத்தான் சொல்வேன்.

கல்லறைத் தோட்டத்துக்கும் போனோம். ஏமி அம்மையார் தம் குழிமேல் கல் எதுவும் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு மனசு கேட்கவில்லை. கல்லும் ஆகாமல், ஒன்றுமில்லாமலும் விடாமல், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டியை வைத்தார்கள். அதில் தாய் என்று பொருள்படும் ஒரு சொல் மட்டும் இருக்கிறது. பெயர் இல்லை, பட்டம் இல்லை. பாதை மண்ணாக இருந்ததால் வாக்கர் புதைந்தது. தம்பி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டோம். ஏழு மாதத்தில் அக்கா அவ்வளவு தூரம் நடந்தது அன்றைக்குத்தான். அவள் அதைக் கவனிக்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. தொட்டியின் விளிம்பில் ஒரு மைனா தண்ணீரைச் சிதறிவிட்டுப் பறந்தது.

அங்கே பரம சுகசாலை என்று ஆஸ்பத்திரியும் இருக்கிறது. பெயர் எவ்வளவு அழகு! ஏமி அம்மையார் காலத்தில் தொடங்கினது. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் சாதி மதம் பாராமல் வந்து வைத்தியம் பார்த்துக்கொண்ட இடம். நாங்கள் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

மத்தியானச் சாப்பாட்டை மரத்தடியில் பிரித்தோம். புளியோதரையும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அக்கா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். சாப்பிட்டு முடித்து, "அன்னைக்கு ஒரு பிள்ளை சண்டே ஸ்கூல்ல என்கிட்ட கேட்டுச்சு" என்று ஆரம்பித்தாள். "நீலக் கண்ணு கேட்டதுக்குக் கர்த்தர் இல்லைன்னு சொன்னாருன்னா, அந்தப் பிள்ளைக்கு அழுகை வரலையா டீச்சர்னு. நான் அந்தக் கேள்விய அதட்டி உட்கார வச்சிட்டேன்."

"யாருக்கா அது?"

"நீதாண்டி."

எனக்கு ஞாபகமே இல்லை.

திரும்புகிற வழியில் ஏர்வாடியில் டீ குடித்தோம். களக்காட்டுப் பழம் என்று சொல்லி ஒரு சீப்பு வாங்கினோம், அது களக்காட்டுப் பழமா என்று எனக்குச் சந்தேகம்தான். அக்கா கார் ஜன்னல் வழியாகப் பின்னால் திரும்பித் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

டோனாவூர் போக விரும்புகிற சகோதரிகள் ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். அது வேடிக்கை பார்க்கிற இடமல்ல, ஆட்கள் குடியிருந்து வேலை செய்கிற வளாகம். முன்கூட்டியே விசாரித்து, அனுமதி கேட்டுக்கொண்டு போவது மரியாதை. திருநெல்வேலியிலிருந்து ஏர்வாடிப் பக்கமும் களக்காட்டுப் பக்கமும் பஸ் உண்டு. மழைக்காலம் முடிந்தவுடன் போனால் மலை நன்றாகத் தெரியும். குடிதண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோவது நல்லது.

வீட்டுக்கு வந்து மறுநாள் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாள் அக்கா. இத்தனை நாளும் சுவரைப் பார்த்துக் கிடந்த கட்டிலை ஜன்னலைப் பார்த்துப் போட்டோம். ஜன்னலுக்கு வெளியே எங்களுக்கு மலை இல்லை, ஒரு முருங்கை மரமும் பக்கத்து வீட்டு மொட்டை மாடியும்தான். ஒரு உடைந்த மண்சட்டியில் தண்ணீர் ஊற்றித் திண்ணையில் வைத்தேன். இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் காக்காய் வந்தது. "காக்காதானா?" என்றாள். காக்காதான்.

அந்த வாரம் ஒரு நாள் நோட்டுப் புத்தகம் கேட்டாள். சங்கத்தில் இவளோடு இருந்த ஒருவர் பக்கவாதத்தில் கிடக்கிறார். அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமாம். எழுதினாளா, என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை. தபாலில் போட மட்டும் என்னிடம் கொடுத்தாள். உறை கனமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் சம்பளத்துக்கு வருகிற அம்மாள் வரவில்லை, அவள் பேத்திக்குக் காய்ச்சல். நான் அடுப்படியில் நின்றேன். உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"ஏட்டி! வெந்நி வச்சிருக்கியா? தலைக்கு ஊத்தி விடு. நாளைக்குக் கோயிலுக்குப் போணும்."

ஸ்டூலில் உட்கார வைத்துத் தலைக்கு ஊற்றினேன். முதுகு தேய்த்தேன். "மெதுவா தேய்க்கத் தெரியாதா? உனக்கு நான் இப்படியா தேய்ச்சு விட்டேன்?" என்று திட்டினாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தோம். பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே இடுப்பு வலிக்கிறது என்று எழுந்துவிட்டாள். வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக் கொடுத்தேன்.

"ஐயரு ரொம்ப நீட்டுதாரு" என்றாள்.